தண்ணீர் கேட்கும் முறை

மக்கள் தம் உடல்நலத்தைப் பற்றிச் சொல்வதற்கும் உண்மையில் செய்வதற்கும் இடையிலுள்ள தொலைவை அளப்பதே என் பணிக்காலம் முழுவதும் நான் செய்த தொழில். நான் மருத்துவன் அல்லேன். புள்ளியியல் கற்று, பின்னர் வெளிநாட்டில் சுகாதார அளவீட்டு முறைகளைப் பயின்று, ஊர் திரும்பி, மருத்துவக் கல்வியைச் சார்ந்த ஒரு துறையில் விரிவுரையாளனாகச் சேர்ந்தேன். நோயாளி எவரையும் நான் தொட்டுப் பார்த்ததில்லை. யார் என்ன சொன்னார்கள், அதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதே எனக்கு விடப்பட்ட பகுதி. அப்பகுதியில், எண்பதுகளின் நடுவில் நேர்ந்த ஒரு நிகழ்ச்சியை இங்கே எழுதுகிறேன். அதனால் மருத்துவ உலகில் எதுவும் மாறிவிடவில்லை. ஒரு பெண்ணின் நற்பெயர் மட்டும் சில கிழமைகள் ஊசலாடியது.

மாரி ஓய்ந்ததும் குழந்தைகளுக்கு வயிற்றோட்டம் பரவுவது அக்காலத்தில் ஆண்டுதோறும் காணப்பட்ட ஒன்று. குடாநாட்டின் நிலம் சுண்ணக்கல். மேலே ஊற்றியது கீழே இறங்கத் தடையில்லை. கிணறும் மலகூடக் குழியும் ஒரே வளவுக்குள் அடங்கிய காணிகள் பல. தை பிறக்கும்போது தெல்லிப்பழை மருத்துவமனையின் குழந்தைகள் பகுதி நிரம்பிவிடும். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்துக்குப் பின் தெற்கிலிருந்து வந்தவர்கள் உறவினர் வீடுகளில் தங்கியிருந்தமையால், ஒவ்வொரு கிணற்றையும் முன்னையிலும் கூடுதலானோர் நம்பியிருந்தனர். "வீடு" என்பதை வரையறுப்பதே எங்களுக்குச் சிக்கலாயிற்று. ஒரே உலையில் உண்போர் ஒரு வீட்டார் என்று பாடநூல் கூறும். நாங்கள் கண்ட ஒரு வளவிலோ சோறு ஒரே பானையில் வெந்தது. கறி மூன்று அடுப்புகளில் மூன்று சகோதரிகளால் தனித்தனியே ஆக்கப்பட்டது. பாடநூலை மூடிவைத்துவிட்டு, "தேங்காய் ஆர் துருவுறது?" என்று கேட்டு முடிவுசெய்வதென்று தீர்மானித்தோம். அது பெரும்பாலும் பயன்பட்டது.

எத்தனை வீடுகளில் குடிநீரைக் கொதிக்கவைத்து ஆற்றிக் குடிக்கிறார்கள் என்று அறிவதே அந்த அளவீட்டின் மைய நோக்கம். சுவரொட்டிகள் ஒட்டப்பட்டிருந்தன, பாடசாலைகளில் பேசப்பட்டிருந்தது, தாய்மார் கிளினிக்குகளில் மீண்டும் மீண்டும் சொல்லப்பட்டிருந்தது. சொன்னது ஏறியதா என்று பார்க்க வேண்டும். வினாக்கொத்தை நான் எழுதினேன். "தாங்கள் நீரைக் கொதிக்கச் செய்து ஆற்றி அருந்துவது வழக்கமா?" என்பது என் முதல் வரைவு. எங்கள் களமேற்பார்வையாளர் அதை வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். பொதுச் சுகாதாரப் பரிசோதகராக நெடுங்காலம் பணிபுரிந்து ஓய்வுபெற்றவர், தோட்டக் கிராமமொன்றைச் சேர்ந்தவர், கண்டிப்புக்குப் பெயர்போனவர்.

"சேர், உதைக் கேட்டால் சனம் தேவாரம் பாடப் போறியள் எண்டு நினைச்சுக் கால் கழுவிப்போட்டு வந்து இருக்கும்."

"பின் எப்படிக் கேட்பது?"

"தண்ணி சுடவைச்சுக் குடிக்கிறனீங்களோ எண்டு கேக்கிறது. அருந்துறதைக் கோயிலிலை பாப்பம்."

அவ்வாறே மாற்றினேன். ஆயினும் சொல்லை மாற்றியதால் விடை மாறவில்லை. முன்னோட்டமாகச் சென்ற முதல் வீட்டிலேயே அது தெரிந்துவிட்டது. வெங்காயம் ஆய்ந்துகொண்டிருந்த ஓர் அம்மாளிடம் நானே கேட்டேன்.

"ஓம் ஓம், சுடவைச்சுத்தான். எந்த நாளும். பச்சைத்தண்ணி இந்த வளவுக்குள்ளை ஒருத்தரும் வாயிலை வைக்கிறேல்லை" என்றார் அவர். அதே வேளையில் அவருடைய கணவர் தோட்டத்திலிருந்து வந்து, கிணற்றில் ஒரு வாளி அள்ளி, அண்ணாந்து அப்படியே குடித்தார். அம்மாள் திரும்பிப் பார்த்தார்.

"அந்தாள் குடிக்கிறதை எழுதாதேங்கோ. அந்தாள் சொல்லுக் கேக்கிறேல்லை."

நல்ல விடை எதுவென்று அறிந்தவர்கள் நல்ல விடையையே தருவார்கள். அதைப் பொய் என்று நான் கொள்வதில்லை. வீடு தேடி வந்தவரின் மனம் கோணாமல் அனுப்பும் ஒரு பண்பு அது. ஆனால் அளவீட்டுக்கு அப்பண்பால் பயனில்லை. ஆகவே கேட்பதை விட்டுக் காண்பது என்று முடிவாயிற்று. நேர்காணல் முடிந்ததும் நேர்காணுநர் "குடிக்கக் கொஞ்சம் தண்ணி தாறியளோ?" என்று கேட்க வேண்டும். வீட்டுக்காரர் எங்கிருந்து எடுத்து வருகிறார் என்பதைப் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும்: கிணற்றில் அள்ளியதா, குடத்தில் இருந்ததா, கொதித்தாறிய நீரா. எளிய முறை. அதை வகுத்த எங்களுக்கு அதில் சற்றுப் பெருமையும் இருந்தது. துறைத் தலைவர் அதை ஒரு மாநாட்டில் வாசிக்கும் எண்ணத்தில் இருந்தார்.

நேர்காணுநர்களாக இளம் பட்டதாரிகள் சிலரைத் தற்காலிகமாகச் சேர்த்திருந்தோம். அவர்களுள் ஒருவர் பருத்தித்துறைப் பக்கத்திலிருந்து வந்த பெண். கணிதம் கற்றவர், பேச்சுக் குறைவு, எழுத்து அச்சடித்தாற் போலிருக்கும். பேருந்து ஓடும் நாள்களில் பேருந்திலும், வீதி அடைபட்ட நாள்களில் எப்படியோ சுற்றிவந்தும், நேரத்துக்கு நிற்பார். அளவீடு முடிந்ததும் ஒருவரை நிரந்தர ஆய்வு உதவியாளராக நியமிக்க இடம் இருந்தது. அது இவருக்கே என்று ஏறக்குறைய முடிவாகியிருந்தது. அவருடைய வீட்டில் முதற் பட்டதாரி அவர். குடாநாட்டில் அப்போது அத்தகைய வேலைகள் அரிது.

அவர் ஊருக்குள் எந்தக் குறிச்சியைச் சேர்ந்தவர் என்று துறையில் எவரும் கேட்டதில்லை. கேட்காமலிருப்பதை நாங்கள் நாகரிகம் என்று கருதியிருந்தோம்.

களவேலை மாரிக்குப் பின் தொடங்கியது. இராணுவத்தின் உலங்குவானூர்தி தலைக்குமேல் சுற்றினால் மரத்தடியில் ஒதுங்கியும், வீதியில் எவரும் இல்லையென்றால் காரணம் கேட்காமல் திரும்பியும் வேலை நடந்தது. நிறைந்த தாள்கள் துறைக்கு வர வர, மேற்பார்வையாளரும் நானும் அவற்றைக் கையால் பிரித்து அடுக்கினோம். சில குறிச்சிகளிலிருந்து விந்தையான குறிப்புகள் வந்தன. தண்ணீர் கேட்டதும் வீட்டார் கடைக்கு ஆளனுப்பிச் சோடா வாங்கிக் கொடுத்திருந்தனர். தங்கள் ஏனத்தில் வந்தவர் குடிப்பாரோ மாட்டாரோ என்ற ஐயம் தலைமுறையாக இருந்துவரும் வீடுகள் அவை. மூடி திறவாத போத்தல் அந்த ஐயத்தைத் தீர்த்துவிடும். எங்கள் பகுப்பில் சோடாவுக்கு இடமில்லை. "மற்றவை" என்ற நிரலில் சேர்த்தோம்.

எஞ்சிய தாள்களில் ஏறக்குறைய எல்லாருக்கும் கிணற்று நீரே கிடைத்திருந்தது. சுவரொட்டிகள் வீண் என்றே தோன்றியது. ஒருவருடைய தாள்கள் மட்டும் நேர்மாறாக இருந்தன. பருத்தித்துறைப் பெண் சென்ற வீடுகளில் மிகப் பெரும்பாலானவற்றில் கொதித்தாறிய நீர் கொடுத்திருந்தார்கள். அவர் சென்ற கிராமம் மற்றவர்கள் சென்றவற்றிலிருந்து எவ்வகையிலும் வேறுபட்டதன்று. அதே செம்மண், அதே புகையிலை, அதே வெங்காயம்.

மேற்பார்வையாளர் தாள்களை மேசையில் தட்டி ஒழுங்குபடுத்தினார்.

"சேர், இது மரநிழல் வேலை."

எங்கள் தொழிலில் அதற்குப் பொருள் ஒன்றுதான். வீட்டுக்குப் போகாமல் ஒதுக்கான இடமொன்றில் அமர்ந்து தாள்களை நிரப்புவது. உலகெங்கும் நடப்பது, கண்டுபிடிக்க வழிகளும் உண்டு. ஒருவருடைய விடைகள் பிறருடையவற்றோடு ஒட்டாமல் நிற்பது அவற்றுள் முதலாவது.

"அவரா? அப்படிச் செய்யக் கூடியவராகத் தெரியவில்லையே."

"வடிவா எழுதுற ஆக்கள்தான் வடிவாக் கள்ளமும் எழுதுவினம். வெளிநாட்டிலை படிச்சனீங்கள், உங்களுக்கு நான் சொல்லோணுமே?"

விடயம் துறைத் தலைவரிடம் சென்றது. அவர் குரலை உயர்த்துபவர் அல்லர். குற்றம் உறுதியானால் நியமனம் இல்லை, பணிச் சான்றிதழும் இல்லை என்றார். அந்தச் சான்றிதழ் இல்லாமற்போனால் ஏன் இல்லாமற்போயிற்று என்று அடுத்து வேலைக்குக் கேட்குமிடத்தில் கேட்பார்கள். குடாநாட்டில் அதற்கு விடை கண்டறிய ஒரு பிற்பகல் போதும். அப்பெண்ணையும் அழைத்துச் சொன்னார். அவர் நிலத்தைப் பார்க்கவில்லை, அழவில்லை.

"எல்லா வீட்டுக்கும் போனனான் சேர்" என்று மட்டும் சொன்னார்.

வீடுகளை மீளச் சென்று பார்க்கும் பணி எனக்கு ஒப்படைக்கப்பட்டது.

முதலில் தனியாகப் போனேன். துவிச்சக்கரவண்டியில் இணுவிலைக் கடந்து உள்வீதியில் திரும்பினால் அந்தக் கிராமம். அவருடைய தாள்களிலிருந்து குலுக்கி எடுத்த வீடுகளில், எங்கள் நெறிமுறைப்படியே தண்ணீர் கேட்டேன். முதல் வீட்டில் தேநீர் போட்டுத் தந்தார்கள். வேண்டாம், தண்ணீர் போதும் என்று வற்புறுத்திய வீடுகளில் வீட்டுக்காரர் எனக்காகவே கிணற்றடிக்குச் சென்று, புதிதாக அள்ளி, செம்பை இருமுறை கழுவி, நிறையக் கொண்டுவந்தார். கொதித்தாறிய நீர் ஓர் இடத்திலும் வரவில்லை. மேற்பார்வையாளர் சொன்னதே சரியென்று எனக்கும் தோன்றத் தொடங்கியது. திரும்பும் முன் இறுதி வீட்டு அம்மாளிடம் கேட்டேன்.

"இதற்கு முன் எங்கள் துறையிலிருந்து யாராவது வந்தார்களா?"

"ஓம், ஒரு பிள்ளை வந்தது. பாவம், தலையிடி. வெய்யிலுக்குள்ளை சைக்கிளிலை வந்தது. இப்ப சுகமோ?"

முந்திய வீடுகளுக்குத் திரும்பிச் சென்று அதையே கேட்டேன். எல்லா வீடுகளிலும் அப்பெண்ணை நினைவில் வைத்திருந்தார்கள். எல்லா வீடுகளிலும் தலையிடியோடேயே நினைவில் வைத்திருந்தார்கள். ஆகவே அவர் வீடுகளுக்குப் போயிருக்கிறார். மரநிழல் வேலை அன்று. ஆனால் ஒரே பெண்ணுக்கு ஒவ்வொரு படலையிலும் தவறாமல் தலையிடி வருவதை என்னால் விளக்க முடியவில்லை. தாள்களில் எழுதிய நீர் பற்றிய ஐயமும் அப்படியே இருந்தது.

அடுத்த கிழமை அப்பெண்ணோடு சேர்ந்து, இன்னும் எவரும் சென்றிராத, வேலிகளுக்கிடையில் ஓடிய ஓர் ஒழுங்கைக்குப் போனேன். நான் பேசுவதில்லை, பார்ப்பது மட்டும் என்பது ஏற்பாடு. படலையைத் திறந்ததும் விறாந்தைக் கதிரையில் ஒரு முதியவர் இருந்தார். வீட்டு அம்மாள் மருமகளாக இருக்க வேண்டும். பாயில் மிளகாய் காயப் போட்டுக்கொண்டிருந்தார். நேர்காணல் இயல்பாக நடந்தது. கேள்விகளை அப்பெண் அவ்வளவு தெளிவாகவும் சாய்வில்லாமலும் கேட்டதைக் கண்டு, நான் பயிற்றுவித்ததைவிட இது நன்று என்று எண்ணிக்கொண்டேன். இறுதிக் கேள்வி முடியும் தறுவாயில் முதியவர் கதிரையில் நிமிர்ந்தார்.

"பிள்ளை எவடம்?"

"பருத்தித்துறை, ஐயா."

"பருத்தித்துறையிலை எவடம்?"

பெண் கைப்பையைத் திறந்து ஒரு குளிசையை எடுத்தார். முதியவரைப் பார்க்கவில்லை. அம்மாளிடம் திரும்பி, "அக்கா, சரியான தலையிடி. உந்தக் குளிசையைப் போடக் கொஞ்சம் தண்ணி தாறியளோ?" என்றார்.

"ஐயோ, முதலே சொல்லுறதுக்கென்ன!" என்று அம்மாள் எழுந்து குசினிக்குள் விரைந்தார். மூடிவைத்த பாத்திரமொன்றிலிருந்து நீரை ஒரு கிளாசில் வார்த்துக் கொண்டுவந்தார். "வெய்யிலுக்குள்ளை உப்பிடித் திரிஞ்சால் தலை இடியாமல் என்ன செய்யும்? மாமா, பேசாமல் இருங்கோ, பிள்ளைக்குச் சுகமில்லை."

முதியவர் கதிரையில் சாய்ந்துவிட்டார். பெண் குளிசையை வாயில் போட்டு நீரைக் குடித்தார்; தாளில் "கொதித்தாறிய நீர்" என்று குறித்தார். குறிப்பில் பிழையில்லை. குசினிக்குள் அந்தப் பாத்திரத்தை நானே பார்த்தேன்.

அப்போது நான் ஏற்பாட்டை மீறி வாய்திறந்தேன். எனக்கும் தண்ணீர் வேண்டுமென்று கேட்டேன். அம்மாள் அந்தப் பாத்திரத்தின் பக்கம் போகவில்லை. வாளியை எடுத்துக்கொண்டு நேரே கிணற்றடிக்குப் போனார்.

"அந்தக் குசினித் தண்ணியே எனக்குப் போதும், அம்மா."

அவர் என்னை வியப்போடு பார்த்தார். "உதென்ன கதை? அது ஆறின தண்ணி. குழந்தைக்கும் வருத்தக்காரருக்கும் வைச்சிருக்கிறது. வீட்டை வந்த ஆளுக்கு ஆறின தண்ணி குடுத்தால் என்ன சொல்லுவியள்? குளிசைக்குப் பச்சைத்தண்ணி குடுக்கிறதுமில்லை."

அங்கேயே எங்கள் நெறிமுறை இரு பக்கமும் உடைந்தது. விருந்தினனாகக் கேட்டவனுக்கு வீட்டின் சிறந்த நீர் கிடைக்கும். சிறந்த நீர் என்பது அப்போது அள்ளிய கிணற்று நீர். நோயாளியாகக் கேட்டவருக்கு வீட்டின் பாதுகாப்பான நீர் கிடைக்கும். அந்த வீட்டார் நாள்தோறும் எதைக் குடிக்கிறார்கள் என்பதை இரண்டில் எதுவும் சொல்லாது. மற்ற நேர்காணுநர்கள் அளந்தது விருந்தோம்பலை. பருத்தித்துறைப் பெண் அளந்தது நோயாளி மீதான இரக்கத்தை. குடிநீர்ப் பழக்கத்தை எவரும் அளக்கவில்லை.

அன்று இன்னும் சில வீடுகளுக்குப் போனோம். முதல் கேள்வியாகவோ இறுதிக் கேள்வியாகவோ எங்கும் "எவடம்?" என்பது வந்தது, இரண்டாவது "எவடம்?" வரும் முன்போ வந்த உடனேயோ குளிசை வெளியே வந்தது. சில வீடுகளில் குளிசையை விழுங்காமல் கைக்குள்ளேயே வைத்துக்கொண்டு நீரை மட்டும் குடிப்பதையும் கண்டேன். என்னிடம் அந்தக் கேள்வியை ஒருவரும் கேட்கவில்லை. நான் இந்த மண்ணில் பிறந்தவன். அந்த இரண்டாவது கேள்விக்குப் பிறகு என்ன வரும் என்று எனக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. குறிச்சியின் பெயரோடு சாதியும் தெரிந்தபின் நீர் எந்த ஏனத்தில் வரும், வருமா, அல்லது கிணற்றடியில் கையில் வார்க்கப்படுமா என்பதெல்லாம் வீட்டுக்கு வீடு வேறுபடும். வேறுபடாத ஒன்று, கேட்பவர் அந்த விடைக்காகக் காத்து நிற்க வேண்டியிருப்பது.

ஒழுங்கை முகப்பில் வண்டிகளை நிறுத்தினோம்.

"உமக்குத் தலையிடி இல்லை" என்றேன்.

"இல்லை, சேர்."

"நான் அறிக்கையில் என்ன எழுதுவது?"

"வீட்டுக்குப் போனவள் எண்டு எழுதுங்கோ. தலையிடி எண்டும் எழுதுங்கோ." வண்டியில் ஏறிக்கொண்டு, "மற்றதை எழுதாதேங்கோ, சேர்" என்றார்.

அவர் கேட்டவாறே அறிக்கையை எழுதினேன். வருகைகள் உண்மை, பதிவுகள் உண்மை, தண்ணீர் கேட்கும் முறையில் நேர்காணுநர் நெறிமுறையிலிருந்து விலகியிருக்கிறார், நெறிமுறையே குறைபாடுடையதாகத் தெரிகிறது. இவ்வளவே. ஏன் விலகினார் என்பதற்குரிய இடத்தில் "தலைவலி" என்று எழுதினேன். அது போதாது என்று எழுதும்போதே தெரிந்தது.

துறைத் தலைவரின் அறையில் கூடினோம்: அவர், மேற்பார்வையாளர், நான், அப்பெண். தலைவர் அவரை உட்காரச் சொன்னார். மேற்பார்வையாளர் அறிக்கையை இரண்டாம் முறையும் வாசித்தார்.

"தலையிடி" என்றார். "எல்லா வீட்டிலையும். படலைக்குள்ளை வந்தால் இடிக்குது, வெளியிலை போனால் நிக்குது. உப்பிடி ஒரு தலையிடியை நான் என்ரை சேவைக்காலத்திலை காணேல்லை. இது வருத்தமில்லைப் பிள்ளை, இது ஏதோ யோசிச்சுச் செய்த அலுவல். கொதிச்சாறின தண்ணி வரோணும் எண்டு செய்தனியோ?"

"இல்லை, ஐயா."

"ஆரும் சொல்லித் தந்தவையோ, உப்பிடிச் செய்தால் முடிவு நல்லா வரும், சேருக்குச் சந்தோசம் எண்டு?"

"இல்லை."

"அப்ப ஏன்?"

தலைவர் என்னைப் பார்த்தார். சொல்வதும் சொல்லாமல் விடுவதும் அப்பெண்ணின் உரிமை. சொல்லாவிட்டால் ஐயம் அவர்மேல் நிற்கும். சொன்னால், துறையில் எவரும் கேட்காதிருந்த ஒன்று வெளியே வரும். அறையில் விசிறி ஓடவில்லை. மின்சாரம் இல்லாத நாள். வெளியே யாரோ தட்டச்சு செய்துகொண்டிருந்தார்.

அப்பெண் மேற்பார்வையாளரையே பார்த்துப் பேசினார்.

"ஐயா, நீங்கள் தண்ணி கேட்டால் செம்பைத் தருவினம். என்னட்டை முதல் எவடம் எண்டு கேப்பினம். பருத்தித்துறை எண்டால் பருத்தித்துறையிலை எவடம் எண்டு கேப்பினம். சொன்னாப் பிறகு என்ன ஏனத்திலை தருவினம் எண்டு எனக்குத் தெரியும். அதை வாங்கிக் குடிச்சுப்போட்டு, அது கிணத்துத் தண்ணியோ கொதிச்சாறினதோ எண்டு குறிச்சுக்கொண்டு வரச் சொன்னனீங்கள். வருத்தக்காரியிட்டை ஒருத்தரும் எவடம் எண்டு கேக்கிறேல்லை. அதுதான் குளிசை."

மேற்பார்வையாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பயிற்சியிலை ஏன் சொல்லேல்லை?" என்றார்.

"சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பியள், ஐயா?"

அவர் பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர். "உன்னை வேறை பக்கத்துக்கு மாத்தியிருப்பன்."

"அதுதான் சொல்லேல்லை."

இதன்பின் மரநிழல் வேலை என்ற குற்றச்சாட்டைப் பற்றி எவரும் பேசவில்லை. தலைவர் அதை ஒரே சொற்றொடரில் கைவிட்டார். ஆனால் முடிவுகளை எழுத வேண்டியிருந்தது. அவர் முன்வைத்தது முறைப்படி சரியான வழி: நெறிமுறையிலிருந்து விலகிய தாள்களை நீக்கிவிட்டு எஞ்சியவற்றை ஆராய்வது. நீக்கியமைக்குக் காரணமாக "நேர்காணுநர் நடைமுறை வேறுபாடு" என்று அடிக்குறிப்பு. நியமனம் முன்பு எண்ணியபடியே.

பெண் எழவில்லை.

"என்ரை வீடுகளை மட்டும் எடுத்துப்போட்டு அடியிலை உப்பிடி எழுதினால், வாசிக்கிறவை என்ன நினைப்பினம் சேர்? நீங்களே இவ்வளவு நாளும் என்ன நினைச்சனீங்கள்?"

"நியமனம் கிடைக்கிறதே" என்றார் தலைவர்.

"அது வேறை, சேர். அந்த வீட்டு ஆக்கள் தந்த தண்ணியைத்தான் எழுதினனான். கள்ளமெண்டு தள்ளிவைச்ச மாதிரி இருக்கக் கூடாது."

நான் அந்த மிளகாய் காயப்போட்ட அம்மாள் சொன்னதை எடுத்துச் சொன்னேன்: ஆறின தண்ணீர் விருந்தாளிக்கு அன்று. எதிர்பாராத வகையில் மேற்பார்வையாளரே அதைப் பற்றிக்கொண்டார்.

"அப்ப மற்றவையின்ரை தண்ணியும் எடுபடாது, சேர். என்ரை வீட்டிலையும் அதுதான். என்ரை மனிசி ஆறின தண்ணியை ஒரு மனிசருக்கும் குடுக்க விடாள். இந்தப் பிள்ளையின்ரையை எடுத்தால் எல்லாற்றையும் எடுக்கோணும். வைச்சால் எல்லாற்றையும் வைக்கோணும். ஒண்டை மட்டும் எடுக்கிறது முறையில்லை."

பெண்ணிடம் இரக்கம் கொண்டு அவர் அப்படிச் சொன்னதாக நான் கருதவில்லை. நடைமுறை என்பதைச் சமயம்போல் கொண்டிருந்தவர். அது எந்தப் பக்கம் வெட்டினாலும் அந்தப் பக்கம் நிற்பார். முதல் நாளில் அவர் குற்றம் சாட்டியதும் அதே காரணத்தால்தான்.

தலைவர் குடிநீர் அட்டவணையைக் கையில் எடுத்தார். மாநாட்டில் வாசிக்க எண்ணியிருந்த அட்டவணை அது. நிதி தந்தவர்கள் எதிர்பார்த்திருந்ததும் அதுவே.

"அப்ப, மாரி முடிஞ்சதிலையிருந்து ஊர் ஊராத் தண்ணி குடிச்சதுதான் எங்களுக்கு மிச்சம்" என்றார் இறுதியில்.

"சோடாவும் குடிச்சனாங்கள்" என்றார் மேற்பார்வையாளர்.

எவரும் உரக்கச் சிரிக்கவில்லை. குடிநீர் பற்றிய பகுதி முழுவதும் அறிக்கையிலிருந்து நீக்கப்பட்டது. கைகழுவுதல், மலகூடம், தாய்ப்பால் ஆகியவை நின்றன. எவருடைய தாளுக்கும் அடிக்குறிப்பு இல்லை. நியமனக் கடிதம் அம்மாத முடிவில் வழங்கப்பட்டது.

ஒரு துறையில் ஒரு செய்தி எவ்வளவு விரைவாகப் பரவும் என்பதை நான் ஆராய்ந்ததில்லை. ஆனால் அப்பெண்ணின் குறிச்சி எதுவென்பது அக்கிழமைக்குள் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. வெளிப்படையாக எவரும் எதுவும் சொல்லவில்லை. அவரோடு அமர்ந்து மதிய உணவு உண்டுவந்த ஒருவர் சாப்பாட்டுப் பெட்டியை வேறோர் அறைக்குக் கொண்டுபோகத் தொடங்கினார். அதற்கு வேறு காரணம் இருந்திருக்கலாம். ஒற்றை நிகழ்விலிருந்து முடிவெடுப்பது என் தொழிலுக்கு ஒவ்வாதது. எங்கும் போகாமல் அங்கேயே உண்டவர்களும் இருந்தார்கள். அவர்களுள் மேற்பார்வையாளரும் ஒருவர். அதற்கு முன் அவர் வீட்டுக்குப் போய் உண்பவராக இருந்தார் என்பதையும் பதிவுசெய்யத்தான் வேண்டும்.

பணியேற்ற நாளில் அப்பெண் ஒரே ஒரு வேண்டுகோளை வைத்தார். வீடுகளுக்குத் தன்னை அனுப்பக் கூடாது. குறியிடுதல், அட்டவணை, பயிற்சி ஆகிய எதையும் செய்வதாகச் சொன்னார். எங்களிடமிருந்த மிகச் சிறந்த நேர்காணுநரை அவ்வாறு மேசைக்கு இழந்தோம். நான் மறுத்துப் பேசவில்லை. அவர் அவ்வேலையில் பல ஆண்டுகள் இருந்தார். இடப்பெயர்வுகளின்போது தாள்கட்டுகளை ஊர் ஊராகச் சுமந்து காத்தவர்களுள் அவரும் ஒருவர். தொண்ணூற்றைந்தில் போருக்கு அஞ்சி எல்லாரும் வெளியேறியபோது நாங்கள் வெவ்வேறு திசைகளில் போனோம்.

அதற்கு முன், அமைதி சற்று நீடித்த ஒரு காலத்தில், குடிநீர் அளவீட்டை மறுபடி செய்தோம். இம்முறை தண்ணீர் கேட்பது நெறிமுறையில் இல்லை. வீட்டின் இளைய குழந்தைக்கு இறுதியாகக் கொடுத்த நீர் எங்கே இருக்கிறது என்று காட்டச் சொல்லி, அதைப் பார்த்துக் குறிப்பது என்று வகுத்தோம். குறைகள் அதிலும் உண்டு. ஆயினும் எவரும் எவருக்கும் எதுவும் கொடுக்க வேண்டியதில்லை. புதிய நேர்காணுநர்களுக்கான பயிற்சியைப் பருத்தித்துறைப் பெண்ணே நடத்தினார். நான் பின்வரிசையில் இருந்தேன்.

புதிதாகச் சேர்ந்த பெண்ணொருத்தி கையை உயர்த்தினாள்.

"அக்கா, வீட்டு ஆக்கள் தாங்களாத் தண்ணி தந்தால் என்ன செய்யிறது? வாங்கலாமோ? அதை எங்கை குறிக்கிறது?"

அவர் கைநூலைப் பார்க்கவில்லை.

"தாகமெண்டால் குடியுங்கோ. குறிக்கத் தேவையில்லை" என்றுவிட்டு, பக்கத்தைத் திருப்பி, கைகழுவுதல் பற்றிய கேள்விக்குப் போனார்.